94-ல் கடைசி பெனால்டியை விட்டவர்தானே பெலோடெடிச்?

கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: ரொமேனியக் கால்பந்து என்றாலே எல்லோரும் நடுக்கள ஆட்டக்காரர் ஹாஜியைத்தான் சொல்கிறார்கள், அந்த நாட்டில் பெரிய டிஃபெண்டர் என்று யாராவது இருந்தார்களா? கூடவே, 94 உலகக் கோப்பையில் ஸ்வீடனோடு ஆடியபோது கடைசி பெனால்டியைத் தவறவிட்டாரே ஒருவர், அவர் யார், அப்புறம் என்ன ஆனார்?

வேடிக்கை என்னவென்றால் இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே ஆள்தான். மியோட்ராக் பெலோடெடிச். அந்தப் பெனால்டிக்கு அப்புறம் என்ன ஆனார் என்பது சின்னக் கதை, அதற்கு முன்னால் என்னென்ன ஆகியிருந்தது என்பதுதான் பெரிய கதை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. சாம்பியன்ஸ் லீகுக்குப் பழைய பெயர் ஐரோப்பியக் கோப்பை. அந்தக் கோப்பையைக் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து தூக்கிய கிளப்புகள் இன்றுவரை இரண்டே இரண்டு: 1986-ல் ரொமேனியாவின் ஸ்டேவா புக்கரெஸ்ட், 1991-ல் அன்றைய யூகோஸ்லாவியாவின் ரெட் ஸ்டார் பெல்கிரேடு. இரண்டு நாடு, நடுவில் ஓர் எல்லை, இரண்டு அணியிலும் இருந்த ஒரே ஆட்டக்காரர் பெலோடெடிச். இரண்டு இறுதி ஆட்டமும் 0-0 என்று 120 நிமிடம் ஓடி பெனால்டியில்தான் முடிந்தன. இரண்டிலும் முதல் விசிலிலிருந்து கடைசிவரை அவர் மைதானத்தில் நின்றார். ஆக மொத்தம் 240 நிமிட இறுதி ஆட்டம், அவர் அணிக்கு எதிராக ஒரு கோல்கூட விழவில்லை. ஒரு டிஃபெண்டரை அளக்க இதைவிட நேரடியான எண்ணிக்கை எனக்குத் தெரிந்து கிடையாது. ஆனால் கோல் விழாததை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்? விட்ட பெனால்டிதான் மனதில் நிற்கிறது.

1964 மே 20 அன்று சொக்கோல் என்ற ஊரில் பிறந்தார். ரொமேனியாவின் தென்மேற்கு மூலை, பனாத் பகுதி. ஊருக்குப் பக்கத்திலேயே டான்யூப் ஆறு, அந்தப் பக்கம் அன்றைய யூகோஸ்லாவியா. குடும்பம் செர்பிய இனம், வீட்டில் செர்பிய மொழி, பெயரே செர்பியப் பெயர்தான். எல்லைக்கு அருகில் இருப்பவர்களுக்கு அடுத்த நாட்டு ரேடியோவும் டிவியும் இலவசமாகக் கிடைக்கும் இல்லையா, அப்படித்தான் சின்ன வயதிலேயே ரெட் ஸ்டார் ரசிகர் ஆனார். இது பின்னால் முக்கியமாகப் போகிறது, மனதில் வையுங்கள்.

மொல்தோவா நோவா என்ற ஊரின் சுரங்கத் தொழிலாளர் கிளப்பில் ஆரம்பித்து, தலைநகரில் இளம் ஆட்டக்காரர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்த லுச்சாஃபருல் அணிக்குப் போய், 1982-ல் ஸ்டேவாவுக்கு வந்தார். ஸ்டேவா என்பது ராணுவத்தின் கிளப். அங்கே ஆடுபவர்களுக்கு ராணுவத்தில் பதவி உண்டு. சர்வாதிகாரி சௌஷெஸ்குவின் மகன் வாலென்டின் அந்தக் கிளப்புக்குப் பின்னால் நின்றதும் ஊரறிந்த விஷயம். அதனால் அந்தக் காலத்து ஸ்டேவா வென்ற உள்ளூர்க் கோப்பைகளை நான் எப்போதும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்வேன். 1986 முதல் 1989 வரை லீகில் தொடர்ந்து 104 ஆட்டம் தோற்காமல் ஆடினார்கள் என்று சொல்லும்போது, எதிர் அணியும் நடுவரும் எந்தச் சூழலில் மைதானத்தில் இறங்கினார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். 1988 ரொமேனியக் கோப்பை இறுதியில் கடைசி நேரத்துக் கோலை ஆஃப்சைடு என்று கொடுக்கவில்லை என்பதற்காக ஸ்டேவா மைதானத்தை விட்டே வெளியேறியது. கோப்பை யாருக்குக் கொடுக்கப்பட்டது தெரியுமா? வெளியேறிய ஸ்டேவாவுக்கு!

ஆனால் ஐரோப்பாவில் அந்தச் செல்வாக்கெல்லாம் செல்லாது. அங்கே ஜெயித்தது ஆட்டத்தால்தான்.

பெலோடெடிச்சின் இடம் லிபெரோ. இப்போது பார்ப்பவர்களுக்கு அந்த வார்த்தை பழக்கமில்லாமல் இருக்கலாம். அன்றைக்கு டிஃபெண்டர்களில் ஓரிருவர் எதிர் ஃபார்வர்டு ஆளோடு ஆளாக ஒட்டிக்கொண்டே போவார்கள். அவர்கள் எல்லோருக்கும் பின்னால் யாரையும் பிடிக்காமல் ஒருவர் தனியாக நிற்பார். முன்னால் இருப்பவன் ஏமாந்தால், பந்து இடுக்கில் வந்தால், அவர் வந்து துடைக்க வேண்டும். துடைத்த பந்தைக் கண்டபடி உதைக்காமல் தாமே எடுத்துக்கொண்டு மேலே போய் ஆட்டத்தைத் தொடங்கி வைக்கவும் வேண்டும். ஸ்டேவாவில் அவருக்கு முன்னால் நின்றவர் பும்பெஸ்கு, முரட்டு ஆள், மீசையும் அதற்கேற்றபடி. இவர் நேர் எதிர். சறுக்கி விழுந்து பந்தை எடுப்பதே அபூர்வம், முன்கூட்டியே அந்த இடத்துக்குப் போய் நின்றுவிடுவார், பந்து தானாக வந்து காலில் விழுந்த மாதிரி இருக்கும். ஓட்டமும் நிமிர்ந்த தலையும் பார்த்து ரொமேனியாவில் அவருக்கு வைத்த பட்டப்பெயர் "கப்ரியோரா", அதாவது பெண்மான். டிஃபெண்டருக்கு இப்படி ஒரு பெயரா என்று தோன்றும், ஆட்டத்தைப் பார்த்தால் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று தெரியும்.

1986 மே 7, செவில். எதிரே பார்சிலோனா, கோச் டெர்ரி வெனபிள்ஸ், அணியில் ஷூஸ்டர், ஆர்ச்சிபால்ட். ஆட்டம் ஸ்பெயினிலேயே, அரங்கம் கிட்டத்தட்ட முழுக்க பார்சிலோனா ரசிகர்கள். ஸ்டேவாவின் கேப்டன் ஸ்டொய்க்கா தடையால் ஆட முடியவில்லை. இரண்டாம் பாதியில் நடுக்களத்தைப் பிடித்து நிறுத்த, உதவி கோச்சாக இருந்த 36 வயது அங்கெல் யோர்டனெஸ்குவையே ஷூ மாட்டி இறக்கினார் கோச் யெனெய். அழகான ஆட்டம் என்று பொய் சொல்ல மாட்டேன். பந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, வேகத்தைக் கொன்று, பார்சிலோனாவை எரிச்சல்படுத்தி, 120 நிமிடத்தைக் கடத்தினார்கள். அப்புறம் கோல்கீப்பர் ஹெல்முட் டுக்கடாம் நான்கு பெனால்டியையும் வரிசையாகப் பிடித்த கதை எல்லோருக்கும் தெரியும். லக்கடுஷும் பாலின்டும் மட்டும் கோல் போட்டார்கள், 2-0. பெலோடெடிச் முறை வருவதற்குள் கோப்பை வந்துவிட்டது. 2024 டிசம்பரில் டுக்கடாம் இறந்தபோது வந்த இரங்கல் குறிப்புகளில் அந்த நான்கு பந்துகள்தான் மறுபடி மறுபடி வந்தன. நியாயம்தான். ஆனால் அதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் பார்சிலோனாவைக் கோல் போடவிடாமல் பார்த்துக்கொண்டது பின்வரிசை நான்கு பேர்.

அடுத்த பிப்ரவரியில் மொனாக்கோவில் டைனமோ கீவை 1-0 என்று வென்று ஐரோப்பிய சூப்பர் கோப்பை, 1988-ல் மறுபடி ஐரோப்பிய அரையிறுதி, பென்ஃபிகாவிடம் தோல்வி. லீக் பட்டங்களைத் தனியாக எண்ண வேண்டியதே இல்லை, வருடா வருடம் வந்தது.

இப்போது கதையின் நடுப்பகுதி. 1988 டிசம்பர். நாட்டில் சாப்பாட்டுக்கே ரேஷன், மின்சாரம் விட்டுவிட்டு வரும் காலம். சாதாரண மக்களில் பலர் டான்யூப்பை நீந்திக் கடந்து யூகோஸ்லாவியாவுக்குத் தப்பப் பார்த்தார்கள், அதில் செத்தவர்களும் நிறைய. பெலோடெடிச்சுக்கு ஆறு தேவைப்படவில்லை. எல்லைக்கு அப்பால் சொந்தக்காரர்கள் இருந்தார்கள், அவர்களைப் பார்க்கப் போகிறேன் என்று அனுமதி வாங்கி அம்மா, சகோதரியோடு போனவர் திரும்பி வரவில்லை. நேராகப் போனது ரெட் ஸ்டாருக்கு. சின்ன வயதில் ரேடியோவில் கேட்ட அதே கிளப். ரொமேனிய மொழியில் "ஸ்டேவா" என்றால் நட்சத்திரம், "ரெட் ஸ்டார்" சிவப்பு நட்சத்திரம். ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிவிட்டார் என்று சொல்லத் தோன்றும். புக்கரெஸ்டில் யாரும் சிரிக்கவில்லை. ராணுவக் கிளப் ஆள் என்பதால் அது வெறும் கிளப் மாற்றமாகக் கருதப்படவில்லை, தேசத் துரோகம் என்று அவர் இல்லாமலேயே வழக்கு நடத்தி 10 வருடச் சிறைத் தண்டனை விதித்தார்கள். கால்பந்து நிர்வாகமும் தன் பங்குக்கு ஒரு வருடம் தடை போட்டது.

யோசித்துப் பாருங்கள். 24 வயது, ஐரோப்பியச் சாம்பியன், தேசிய அணியில் நிரந்தர இடம். அதையெல்லாம் போட்டுவிட்டு, சிநேக ஆட்டங்களைத் தவிர வேறெதிலும் ஆட முடியாமல் ஒரு வருடம். திரும்பிப் போனால் ஜெயில்.

அந்த 1988-89 சீசனில் ஒரு விநோதப் பொருத்தம் உண்டு. அவர் விட்டுப்போன அணியும் போய்ச் சேர்ந்த அணியும் ஐரோப்பியக் கோப்பையில் இத்தாலியின் அதே மிலன் அணியிடம் தோற்றன. ரெட் ஸ்டார் நவம்பரில், அவர் வருவதற்குச் சற்று முன்: பெல்கிரேடில் 1-0 என்று முன்னிலையில் இருந்தபோது மூடுபனி இறங்கி ஆட்டம் நிறுத்தப்பட்டு, மறுநாள் முதலிலிருந்து ஆடி, பெனால்டியில் போனது. ஸ்டேவா 1989 மே மாதம் இறுதியில்: பார்சிலோனா நகரத்தில், 4-0. குல்லிட் இரண்டு, வான் பாஸ்டன் இரண்டு. பெலோடெடிச் இருந்திருந்தால் நின்றிருப்பார்கள் என்று சில ரொமேனியர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. அந்த மிலன் அன்றைக்கு யாரையும் நசுக்கியிருக்கும், இவர் இருந்திருந்தால் ஒருவேளை இரண்டோடு போயிருக்கும், அவ்வளவுதான்.

1989 டிசம்பரில் ரொமேனிய நகரமான திமிஷ்வாராவில் புரட்சி வெடித்து, கிறிஸ்துமஸ் அன்று சௌஷெஸ்கு சுட்டுக் கொல்லப்பட்டார். தண்டனையும் அதோடு செல்லாமல் போனது. ஆனாலும் 1990 இத்தாலி உலகக் கோப்பைக்கு அவர் போகவில்லை. ரொமேனியா இரண்டாம் சுற்றில் அயர்லாந்திடம் பெனால்டியில் தோற்றது. தேசிய அணிக்கு அவர் திரும்பியது 1992-ல்தான். மொத்தம் 53 ஆட்டம், 5 கோல் என்று அவர் கணக்கைப் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா" என்று கேட்பவர்கள் இந்த இடைவெளியைக் கவனிப்பதில்லை. 24-லிருந்து 28 வரை, டிஃபெண்டருக்கு உடம்பும் மூளையும் ஒன்றாக வேலை செய்யும் நல்ல வயது, அது முழுக்க தேசிய அணிக்கு வெளியே போனது.

கிளப்பில் மட்டும் அந்த வருடங்கள் வீணாகவில்லை. ரெட் ஸ்டார் அப்போது கட்டிக்கொண்டிருந்த அணியைப் பாருங்கள்: ப்ரோசினெச்கி, சவிசெவிச், பான்செவ், யூகோவிச், மிஹாய்லோவிச், பினிச். குரோட்டியா, மொன்டெனேக்ரோ, மாசிடோனியா, செர்பியா என்று நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் வந்தவர்கள், நாடு உடைந்துகொண்டிருந்தபோதே ஒன்றாக ஆடினார்கள். அவர்களுக்குப் பின்னால் ரொமேனியாவிலிருந்து ஓடிவந்த ஒரு செர்பியர். இவ்வளவு பேர் முன்னால் பாயும் அணியில் பின்னால் நிதானமாக ஒரு ஆள் வேண்டும், ஏற்கெனவே ஒரு ஐரோப்பிய இறுதியைத் தாங்கிய அனுபவம் அவரிடம் மட்டும்தான் இருந்தது.

1990-91-ல் கிராஸ்ஹாப்பர், ரேஞ்சர்ஸ், டிரெஸ்டன் என்று தாண்டி அரையிறுதியில் பயர்ன் மியூனிக். ம்யூனிக்கிலேயே 2-1 என்று ஜெயித்தார்கள், அந்த இரண்டாவது கோலுக்கான எதிர்த்தாக்குதல் இன்றைக்குப் பார்த்தாலும் மூச்சு வாங்கும். பெல்கிரேடில் 2-2, கடைசி நிமிடத்தில் ஆவ்கென்டாலர் காலில் பட்டு மேலே எழும்பிய பந்து அவர்கள் கோல்கீப்பர் தலைக்கு மேலே போய் உள்ளே விழுந்தது. இப்படிப்பட்ட அணி இறுதிக்கு வந்ததும் என்ன செய்தது? கதவைச் சாத்திக்கொண்டது.

1991 மே 29, இத்தாலியின் பாரி நகரம், எதிரே பிரான்ஸின் மார்செய். பாபின், வாடில், அபெடி பெலே இருந்த அணி. கோச் பெட்ரோவிச் முடிவு தெளிவு: திறந்து ஆடினால் அவர்கள் எதிர்த்தாக்குதலில் கொல்வார்கள், பூட்டி ஆடினால் நமக்கு வாய்ப்பு. டிஃபெண்டர் பந்தைப் பின்னால் நிற்கும் சொந்தக் கோல்கீப்பருக்குத் தட்டினால் அவர் கையில் எடுத்துக்கொள்ளலாம் என்ற காலம் அது, அதைத் தடுக்கும் விதி 1992-ல்தான் வந்தது. ஐரோப்பிய இறுதிகளிலேயே அலுப்பானது எது என்று கேட்டால் பலர் இதைத்தான் சொல்வார்கள், நானும் மறுக்க மாட்டேன். ஆனால் லிபெரோ என்ற வேலைக்கு அது ஒரு பாடம். செவிலில் செய்ததையே பாரியில் வேறு சட்டையில் செய்தார்.

பெனால்டி. மார்செயின் முதல் ஆளான அமொரோஸின் பந்தை ரெட் ஸ்டார் கோல்கீப்பர் ஸ்டொயானோவிச் பிடித்துவிட்டார். ரெட் ஸ்டாரில் ப்ரோசினெச்கி, பினிச், மூன்றாவதாக பெலோடெடிச், அப்புறம் மிஹாய்லோவிச், பான்செவ். ஐந்தும் உள்ளே, 5-3. இரண்டு வெவ்வேறு கிளப்புக்காக ஐரோப்பியக் கோப்பை இறுதியில் ஆடி இரண்டையும் வென்ற முதல் ஆள் இவர்தான். ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் தோர் விருது வாக்கெடுப்பில் அந்த வருடம் எட்டாவது. டிசம்பரில் டோக்கியோவில் தென் அமெரிக்கச் சாம்பியன் கொலோ-கொலோவை 3-0 என்று வென்று கண்டங்களுக்கிடையிலான கோப்பையும் வந்தது. 1986-ல் இதே டோக்கியோவில் ஸ்டேவா ரிவர் ப்ளேட்டிடம் 1-0 என்று தோற்றிருந்தது, அந்தக் கணக்கும் நேரானது.

அந்த அணி ஒரு வருடத்துக்கு மேல் நீடிக்கவில்லை. போர் தொடங்கியது, ஐரோப்பிய ஆட்டங்களில் சொந்த மைதானம் கிடையாது என்றார்கள், ஹங்கேரியிலும் பல்கேரியாவிலும் போய் ஆடினார்கள், நல்ல ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் கிளம்பினார்கள். பெலோடெடிச் 1992-ல் வாலென்சியா போனார்.

சரி, 94. ரொமேனியாவுக்கு அதுதான் எக்காலத்துக்குமான உலகக் கோப்பை. கோச் யார் தெரியுமா? செவிலில் ஷூ மாட்டி இறங்கிய அதே யோர்டனெஸ்கு. முன்னால் ஹாஜி, டுமிட்ரெஸ்கு, ரடுச்சோயு. பின்னால் பெலோடெடிச், புரோடான், பெட்ரெஸ்கு. கொலம்பியாவை 3-1, கூரை மூடிய அரங்கில் சுவிட்சர்லாந்திடம் 4-1 என்று வாங்கிக் கட்டிக்கொண்டது (அன்று பின்வரிசை மோசம், பெலோடெடிச் உட்பட), அமெரிக்காவை 1-0, பிறகு மரடோனா தடையாகி வெளியேறிய அர்ஜென்டினாவை 3-2. அந்த அர்ஜென்டினா ஆட்டத்தில் ரொமேனியா பின்வாங்கி நின்று, பந்து கிடைத்ததும் நான்கே பாஸில் எதிர்க் கோலுக்குப் போனது. முதல் பாஸ் பல தடவை பெலோடெடிச் காலிலிருந்துதான்.

ஜூலை 10, ஸ்டான்ஃபோர்டு அரங்கம், கால் இறுதி. 90 நிமிடத்தில் 1-1. கூடுதல் நேரத்தில் ரடுச்சோயு மறுபடி போட்டு 2-1, ஸ்வீடனில் ஷ்வார்ஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியே. பத்துப் பேரோடு ஆடும் அணி, ரொமேனியா அரையிறுதிக்குள் ஒரு காலை வைத்தாகிவிட்டது. ஐந்தே நிமிடம் பாக்கி இருக்கும்போது உயரமான கென்னட் ஆண்டர்சன் தலையால் முட்டி 2-2. கோல்கீப்பர் புருனியா வெளியே வந்து பந்தை எட்டாமல் போனார். ஆட்டம் கைவிட்டுப் போனது அந்த நொடியில்தான் என்பது என் கருத்து.

பெனால்டியில் ஸ்வீடனின் முதல் ஆள் மில்ட் மேலே அடித்தார். பின்னர் நான்காவது பெனால்டியில் பெட்ரெஸ்குவின் பந்தை ஸ்வீடன் கோல்கீப்பர் ரவெல்லி பிடித்தார். ஐந்தைந்து முடிந்தபோது 4-4. அடுத்து லார்சன் போட்டுவிட்டார், ஆறாவதாக வந்த பெலோடெடிச்சின் பந்தை ரவெல்லி பிடித்தார், முடிந்தது. பெட்ரெஸ்கு விட்டதை இன்று பாதிப் பேர் மறந்துவிட்டார்கள், புருனியாவை ரொமேனியாவில் மட்டும் திட்டுவார்கள், உலகத்துக்கு எஞ்சியது கடைசிப் படம் மட்டும்: கண்ணை உருட்டிக் குதிக்கும் ரவெல்லி. பாரியில் இதே மனிதர் இதைவிடப் பெரிய அழுத்தத்தில் உள்ளே அடித்தார் என்பதை யாரும் அந்தப் படத்தோடு சேர்த்து ஓட்டுவதில்லை.

அதன் பிறகு வேகமாகச் சொல்லிவிடலாம். ஸ்பெயினில் வாயடோலிட், பிறகு இரண்டாம் டிவிஷனில் விய்யாரியால், 96-ல் ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ போட்டியில் ரொமேனியா மூன்று ஆட்டமும் தோற்றது, மெக்சிகோவில் அட்லாண்டே. 98 உலகக் கோப்பை அணியில் இடமில்லை. அதே 1998-ல் திரும்பிப் போன இடம் ஸ்டேவா. ஆம், பத்து வருடம் சிறை என்று தீர்ப்பு வந்த ஊர்தான். இரண்டாயிரமாவது ஆண்டு யூரோ போட்டிக்கு 36 வயதில் தேசிய அணியில் எடுத்தார்கள். அந்த அணியில் 19 வயது டிஃபெண்டர் ஒருவரும் இருந்தார், இங்கிலாந்துக்கு எதிராக அடித்த கிராஸ் யாரும் தொடாமல் கோலுக்குள் போனது. கிறிஸ்டியான் கிவு, பின்னால் மண்டையோடு உடைந்து தலைக்கவசத்தோடு ஆடி 2010-ல் இன்டரோடு சாம்பியன்ஸ் லீக் வென்றவர். 2001-ல் ஸ்டேவாவோடு கடைசியாக ஒரு லீக் பட்டம், 37 வயதில் ஓய்வு, பிறகு ரொமேனியக் கால்பந்து சம்மேளனத்தில் வேலை.

ரொமேனியாவின் மிகப் பெரிய டிஃபெண்டர் யார் என்று கட்டாயப்படுத்திக் கேட்டால், கிவு, பார்சிலோனா கேப்டனாக இருந்த கியோர்கே போபெஸ்கு, இவர், இந்த மூவரில்தான் சண்டை. போபெஸ்கு 115 ஆட்டம் தேசிய அணிக்கு ஆடியிருக்கிறார், 2000-ல் துருக்கியின் கலாட்டாசராய் கிளப்புக்கு ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கோப்பையான யூஇஎஃப்ஏ கோப்பையை வென்று கொடுத்த பெனால்டி அவருடையது, அவரைச் சொல்பவரோடு நான் சண்டை போட மாட்டேன். என் ஓட்டு பெலோடெடிச்சுக்கு.

செவில் ஆட்டத்தின் பழைய பதிவு கிடைத்தால் பெனால்டிக்கு ஓட்டிவிடாமல் முதல் இருபது நிமிடமாவது பாருங்கள். பந்தை விட்டுவிட்டு, பும்பெஸ்குவுக்குப் பின்னால் நிமிர்ந்து நடந்துகொண்டிருக்கும் அந்த மெலிந்த ஆளை மட்டும் கவனியுங்கள். பார்சிலோனா நீளமாக ஒன்று தூக்கிப் போடுவதற்கு ஒரு நொடி முன்னாலேயே அவர் கிளம்பியிருப்பார்.